மூன்றாம் நாள் கால் கனப்பது ஏன்?

கேள்வி: வயது 21, எடை 60 கிலோ. கபடி ஆடுகிறேன். மாலையில் இரண்டு மணி நேரப் பயிற்சி, மறுநாள் காலையில் ஓட்டம். எடை கூடுகிறது என்று சோற்றை நிறுத்திவிட்டேன். இரவில் இரண்டு சப்பாத்தி, மூன்று முட்டை. மூன்றாம் நாளே கால் கல்லாய்க் கனக்கிறது. புரோட்டீன் பவுடர் வாங்கட்டுமா?
- வாசகர், தேனி

பதில்: வேண்டாம். மூன்று முட்டையில் சுமார் 18 கிராம் புரதம் இருக்கிறது. உங்கள் எடைக்கு ஒரு வேளைக்கு அது போதும். குறைவது மாவுச்சத்து. இரண்டு சப்பாத்தியில் 40 கிராம் தேறினாலே அதிகம். உங்கள் பயிற்சிக்கு நாளொன்றுக்கு 360 முதல் 420 கிராம் வரை வேண்டும்.

ரெய்டுக்குப் பாயும்போதும் மடக்கிப் பிடிக்கும்போதும் பெரிதும் செலவாவது கிளைக்கோஜன், அதாவது மாவுச்சத்திலிருந்து உடல் தசைக்குள் சேர்த்துவைக்கும் சர்க்கரை இருப்பு. ஒரு தசையின் இருப்பை இன்னொரு தசை எடுத்துக்கொள்ள முடியாது. தொடையில் தீர்ந்தால், கையில் எவ்வளவு மிச்சமிருந்தாலும் கால் ஓடாது. சரியாகச் சாப்பிட்டாலும் காலியான தசை முழுதாக நிரம்ப ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகும். நீங்களோ பாதி நேரத்திலேயே மறுபடி ஓடுகிறீர்கள். அந்தப் பற்றாக்குறை சேர்ந்து சேர்ந்து மூன்றாம் நாள் தெரிகிறது.

உழைத்த தசைதான் அதிகம் சேமிக்கும். 1966இல் ஸ்வீடனில் பெர்க்ஸ்ட்ராம், ஹுல்ட்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒற்றைக் காலால் மட்டும் சைக்கிள் மிதித்துவிட்டு, மூன்று நாள் மாவுச்சத்து உணவு உண்டு சோதித்தார்கள். மிதித்த காலில் மற்றக் காலைப் போல இரு மடங்கு கிளைக்கோஜன் சேர்ந்திருந்தது.

பயிற்சி முடிந்த அரை மணிக்குள் இரண்டு பெரிய வாழைப்பழமும் ஒரு டம்ளர் சர்க்கரை போட்ட பாலும் எடுங்கள். 60 கிராம் மாவுச்சத்து கிடைத்துவிடும். இரண்டு மணி நேரம் தள்ளிப்போட்டால் நிரம்பும் வேகம் பாதியாகிவிடுகிறது. அந்த நேரத்தில் பஜ்ஜி, பரோட்டா வேண்டாம். எண்ணெய் இரைப்பையை மெதுவாக்கும். இரவில் 300 கிராம் சோறு (மாவுச்சத்து 80 கிராமுக்கு மேல்), பருப்பு, அதே முட்டை. காலை ஓட்டத்துக்கு முன் ஒரு பழம், ஓடி முடித்ததும் ஐந்தாறு இட்லி. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை உப்புப் போட்ட நீர்மோரோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

சோற்றைத் திரும்பச் சேர்த்ததும் ஒரு கிலோ ஏறலாம். ஒரு கிராம் கிளைக்கோஜனுடன் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் தசையில் தங்குவதால் வரும் எடை அது, கொழுப்பு அல்ல. எடைப் பிரிவுப் போட்டி இருந்தால் மட்டும் இதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.