பழைய கண்ணாடியும் பித்தளையும்: கேள்வி பதில்

புதுச்சேரி ஞாயிறு சந்தையில் பச்சைக் கண்ணாடிக் குடுவை ஒன்றை வாங்கினேன். வாயால் ஊதிச் செய்ததுதானா என்று எப்படி அறிவது? (முத்தியால்பேட்டை வாசகி)

குடுவையைக் கவிழ்த்து அடிப்பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். ஊதி முடித்தபின் குடுவையின் வாயைச் சீர்செய்வதற்காக அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடிப்பார்கள். அதை முறித்தெடுக்கும் இடத்தில் சொரசொரப்பான வடு தங்கிவிடும், அல்லது அதைத் தேய்த்து வழவழப்பாக்கிய குழி தெரியும். பக்கவாட்டில் ஓடும் அச்சுக்கோடு வாய் விளிம்புவரை ஏறியிருந்தால், அது பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைக்கேல் ஓவன்ஸ் உருவாக்கிய தானியங்கிப் புட்டி செய்யும் முறைக்குப் பிந்தைய இயந்திரப் பொருளே. குமிழிகளை மட்டும் நம்பாதீர்கள். இன்று அவற்றை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். பச்சை நிறமும் வயதுக்குச் சான்றாகாது. மணலிலுள்ள இரும்பே அதற்குக் காரணம்.

பாட்டியின் பித்தளை அண்டாவைக் கூடத்தில் வைத்திருக்கிறேன். பச்சைக் களிம்பு படிகிறது. பளபளவென்று தேய்த்துவிடலாமா? (மஞ்சக்குப்பம், கடலூர்)

தயவுசெய்து கம்பி நாராலோ மணலாலோ தேய்க்காதீர்கள். அண்டாவின் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் இருக்கக்கூடும். பல வீடுகளில் அந்தப் பாத்திரம் யாருடையது என்பதற்கு எஞ்சியிருக்கும் ஒரே எழுத்துச் சான்று அதுதான், ஒவ்வொரு முரட்டுத் தேய்ப்பும் அதைச் சிறிது சிறிதாக அழிக்கிறது. கடற்காற்றில் வரும் உப்பும் ஈரமுமே களிம்பை விரைவுபடுத்துகின்றன. ஆகவே புளியோடு உப்பைச் சேர்க்காமல், புளிக்கரைசலை மட்டும் மென்துணியால் பூசி, நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, வெயிலில் முழுவதும் உலர்த்துங்கள். அதன்பின் தேன்மெழுகை மெல்லியதாகத் தடவினால் அடுத்த களிம்பு தாமதமாகும். பழுப்பேறிய நிறத்தை அப்படியே விட்டுவிடுவதே என் விருப்பம். அதுவே அந்த அண்டாவின் அழகு.

குடுவையின் உள்ளே வெண்படலம் போகவில்லை. (வில்லியனூர்)

உப்புநீரின் படிவமாயின் வினிகரை ஓரிரவு ஊற்றிவைத்து, அரிசியும் தண்ணீரும் இட்டு மெல்லச் சுழற்றினால் போய்விடும். அப்போதும் நீங்காவிட்டால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. அதை வீட்டில் சரிசெய்ய இயலாது.

அரிக்கமேட்டுக் கண்ணாடி மணிகள் என்று சொல்லி விற்கிறார்கள். அலங்காரத்துக்கு வாங்கலாமா? (லாஸ்பேட்டை)

வாங்காதீர்கள். 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழ்ந்த அந்தப் பழந்துறைமுகத்தின் கண்ணாடி மணிகள் ஊதிச் செய்யப்பட்டவை அல்ல. உருகிய கண்ணாடியைக் குழலாக நீட்டி இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கிச் செய்தவை. உண்மையான மணியாயின் அது நூறாண்டைக் கடந்த தொல்பொருள், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி உரிமமின்றி அதை வணிகம் செய்யக்கூடாது. போலியாயின் உங்கள் பணம் வீண். அவற்றைக் காண விரும்பினால் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள்.