பர்னர் குழாய்க்குள் ‘டப் டப்’

இரும்பு காய்ச்சும் உங்கள் கேஸ் உலையில், சூட்டைக் குறைக்க ப்ளோயர் காற்றையும் கேஸையும் இறக்கியதும் பர்னர் குழாய்க்குள்ளேயே ‘டப் டப்’ என்று வெடிக்கிறது, குழாயைத் தொட முடியவில்லை என்கிறீர்கள். ரெகுலேட்டரை மாற்ற வேண்டாம். உங்கள் இரண்டு அங்குலக் குழாய்தான் வினை. அவ்வளவு சின்ன உலைக்கு அது ரொம்ப அகலம். கலவை மெதுவாக வருகிறது, தீ அதை எதிர்த்துப் பின்னால் ஏறிவிடுகிறது. என் முதல் பர்னரும் இதே கூத்துதான். குழாய் மங்கலாகச் சிவந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

உலைக்குள் நுழையும் முனையில் ரெட்யூசர் (குழாயைக் குறுக்கும் இணைப்பு) போட்டு ஒன்றேகால் அங்குலமாக்கிப் பாருங்கள். கலவை, கணக்குப்படி ஒரு பங்கு புரொபேன் கேஸுக்கு சுமார் 24 பங்கு காற்று. ஆனால் கண்தான் மீட்டர்: உலை வாசலில் நீளமாக மஞ்சள் தீ வந்தால் கேஸ் அதிகம்; தீயே எட்டிப் பார்க்காமல் இரும்பில் செதில் செதிலாகக் கருகினால் காற்று அதிகம்.

அப்புறம், நீங்கள் போட்ட படத்தில் சோலினாய்டு வால்வை (கரண்டில் இயங்கும் கேஸ் வால்வு) காணோமே? கரண்ட் போனால் ப்ளோயர் நிற்கும், கேஸ் நிற்காது. ப்ளோயர் வழியாகவே திரும்பி வந்து தரையில் தேங்கும். கரண்ட் இல்லாவிட்டால் தானே மூடிக்கொள்ளும் வால்வை கேஸ் குழாயில் போட்டு, அதன் வயரை ப்ளோயரின் கரண்ட் லைனிலேயே இணையுங்கள். அதுவரை பற்றவைக்காதீர்கள். அணைக்கும்போது முதலில் கேஸ், பிறகுதான் ப்ளோயர்.