ஹாம் றேடியோ பொதுநாளுக்குச் சனத்தைக் கூப்பிடுறது எப்பிடி? – கேள்வி பதில்

ஹாம் றேடியோ எண்டால் அமெச்சூர் வானொலி: அரச உரிமம் எடுத்து, வியாபாரமில்லாமல், பொழுதுபோக்காய் வானலையில ஆளோட ஆள் கதைக்கிறது. அப்பிடியான கழகம் ஒண்டு ஒரு நாள் தன்ர நிலையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து காட்டப்போகுது. யாழ்ப்பாணத்தில அதை எப்பிடி அறிவிக்கலாம் எண்டு வந்த கேள்விகளுக்கு மூத்த உறுப்பினர் ஒருவர் பதில் சொல்லுறார்.

கேள்வி (சுன்னாகம், மாணவர்): அண்ணை, போஸ்ரரில "ஹாம் றேடியோ கண்காட்சி" எண்டு பெரிசாப் போட்டால் காணுமோ?

காணாது தம்பி. "றேடியோ" எண்டதைக் கண்டவுடன சனம் எஃப்எம் நிலையம் எண்டுதான் நினைக்கும். அறிவிப்பாளர் தெரிவு நடக்குதாக்கும் எண்டு பிள்ளையள் வந்து ஏமாந்து போவினம். தலைப்பில பெயரைப் போடாமல் வேலையைப் போடுங்கோ: "சிம் இல்லை. இன்ரநெற் இல்லை. ஒரு பற்றரி, 20 மீற்றர் வயர். தமிழ்நாட்டோட கதைக்கிறதைக் கேட்க வாங்கோ." கழகத்தின்ர பெயரும் சின்னமும் அடியில சின்னனாய் இருக்கட்டும்.

அந்த 20 மீற்றர் சும்மா எழுதின இலக்கம் இல்லை. நாங்கள் கதைக்கிற அலைவரிசை 7.1 மெகாஹேர்ட்ஸ். 143ஐ அந்த 7.1ஆல பிரிச்சால் 20.1, அதுதான் டைபோலின்ர (நடுவில இருந்து ரெண்டு பக்கமும் வயர் நீளுற அன்ரெனாவின்ர) முழு நீளம் மீற்றரில, பக்கத்துக்குப் 10 மீற்றர் சொச்சம். போஸ்ரரில வாசிச்ச வயரை, வாற ஆள் பனையில கட்டியிருக்கக் காணவேணும்.

வயது போன ஆக்களுக்கு வேற வரி வேணும். தொண்ணூறுகளில கரண்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட ஊர் இது. பிபிசி தமிழோசை சிற்றலையை நிப்பாட்டினது 2017இலதான். "நீங்கள் கேட்ட அதே சிற்றலையில திருப்பிக் கதைக்கிறது எப்பிடி?" எண்டு போடுங்கோ, விளக்கம் தேவையில்லை. வாசலில ஒரு சைக்கிளை ஸ்ராண்டில நிப்பாட்டி, 6 வோல்ற் டைனமோவால ஒரு சிற்றலைப் பெட்டியை ஓட விடுங்கோ. டைனமோவின்ர மாறுதிசை மின்னை றேடியோவுக்கு ஏத்த நேர்மின்னாய் மாத்த நாலு டயோட், 2200 மைக்ரோபரட் கொள்ளளவி ஒண்டு வேணும், கொள்ளளவி 50 வோல்ற் தாங்கவேணும். லைற் பல்ப்பைக் கழற்றிப் போடாதேங்கோ. சுமை இல்லாமல் வேகமாய் மிதிச்சால் வோல்ற் எகிறிப் பெட்டி போயிடும். எந்தப் பனரையும் விட அந்தச் சைக்கிள் கூடச் சனத்தை இழுக்கும்.

கேள்வி (கோப்பாய், ஆசிரியை): வாற பிள்ளையளும் கதைக்கலாம் எண்டு பாடசாலையளுக்கு எழுதலாமோ?

எழுத முதல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிட்ட எழுத்தில கேளுங்கோ, ரீச்சர். சர்வதேச வானொலி ஒழுங்குவிதி 25.3இன்படி, மூன்றாம் ஆளுக்காக நாடு விட்டு நாடு செய்தி அனுப்பிறது அவசரநிலைக்கும் அனர்த்த நிவாரணத்துக்கும் மட்டுந்தான். தன்ர நாட்டு நிலையங்களுக்கு அது எப்பிடிப் பொருந்தும் எண்டதை அந்தந்த நாடு தீர்மானிக்கலாம். கடிதம் கையில வரும்வரைக்கும் "கேட்கலாம், பார்க்கலாம், மோர்ஸ் தட்டிப் பழகலாம்" எண்டதோட நிப்பாட்டுங்கோ. பழகிற பஸ்ஸர் அலைபரப்பாது, அதால பிரச்சினை இல்லை.

கேள்வி (நல்லூர்): நேரம் என்னெண்டு அடிக்கிறது? காலை 9 முதல் மாலை 5 வரை போதுமோ?

அப்பிடி அடிச்சால் ஆக்கள் பின்நேரம் மூண்டு மணிக்கு வந்து இரைச்சலைக் கேட்டிட்டுப் போவினம். நேரத்தை அலை சொல்லவேணும். திருச்சி எங்களுக்கு 200 கிலோமீற்றருக்குள்ள, சென்னை ஏறக்குறைய 380. இந்தத் தூரத்துக்கு 7 மெகாஹேர்ட்ஸ் காலை 8 முதல் 10.30 வரை நல்லம். அலையைத் திருப்பி நிலத்துக்கு அனுப்புறது மேல வானத்தில இருக்கிற அயனமண்டலம்; உச்சி வெயிலில அதின்ர கீழ்ப்படை அலையை உறிஞ்சத் தொடங்கும். ஐரோப்பாப் பக்கம் பின்னேரம் 5க்குப் பிறகு 14 மெகாஹேர்ட்ஸில பாருங்கோ. ஆனால் லண்டன் வரும் எண்டு போஸ்ரரில வாக்குக் குடுக்காதேங்கோ.

தமிழ்நாட்டு ஹாம்கள் ரெண்டு மூண்டு பேரோட முன்கூட்டியே நேரம் பேசி, தமிழிலேயே கதைக்கக் கேளுங்கோ. சத்தம் எவ்வளவு தெளிவாய்க் கேக்குது எண்டு ஆங்கிலத்தில அறிக்கை இலக்கம் மாறிறதை வெளியாள் ரெண்டு நிமிசத்துக்கு மேல கேளான். இந்தியாவும் நாங்களும் ஒரே மணிக்கூடு. வேற நாட்டாருக்கு எழுதேக்க மட்டும் காலை 8 மணியை 02.30 யூரிசி (உலகப் பொது நேரம்) எண்டு போடுங்கோ.

கேள்வி (மானிப்பாய்): அச்சகத்துக்கு வட்ஸ்அப்பில எழுதி அனுப்பினால் சரிதானே?

அங்கைதான் பிழைக்கும். எங்கட அச்சகங்கள் கனக்க இன்னும் பாமினி எழுத்துருவில வேலை செய்யினம்; அது ஆங்கில எழுத்து இருக்கிற இடத்தில தமிழ் எழுத்தைக் காட்டுற பழைய எழுத்துரு. உங்கட ஃபோனில வாற யூனிகோட் எழுத்தை மாத்தேக்க அழைப்புக்குறியீட்டையும் (நிலையத்தை அலையில அடையாளம் காட்டுற எழுத்தும் இலக்கமும்) சேர்த்துப் பாமினியாக்கினால், இலங்கை நிலையங்களின்ர குறியீட்டின்ர தொடக்கமான "4எஸ்7" எண்டு ஆங்கில எழுத்தில வரவேண்டிய இடத்தில "4ளு7" எண்டு அச்சாகும். அழைப்புக்குறியீடு, மின்னஞ்சல், இணைய முகவரி மூண்டையும் படமாய்த் தனிய அனுப்புங்கோ. கடைசிப் படியைத் திரையில பாராமல் தாளில எடுத்துப் பாருங்கோ. எழுத்தின் உயரம், வாசிக்கிற தூரத்தில ஒரு மீற்றருக்கு அரைச் சென்ரிமீற்றர்: தெருவுக்கு அங்கால 10 மீற்றரில நிண்டு வாசிக்க 5 சென்ரிமீற்றர்.

கேள்வி (கொக்குவில்): ஓட்டோவில லவுட்ஸ்பீக்கர் கட்டி அறிவிக்கிறது பிரயோசனமோ?

பிரயோசனம், பொலிஸ் அனுமதி எடுத்தால். ஆனால் அறிவித்தல் நீண்டுபோனால் காசு காத்தில. கணக்கைப் பாருங்கோ: ஓட்டோ மணிக்கு 15 கிலோமீற்றரில போகுது, ஒரு வீட்டுக்காரருக்கு விளங்கக் கேக்கிறது 150 மீற்றருக்கு எண்டு வைப்பம். 36 செக்கன்தான் கிடைக்கும். அதுக்குள்ள ரெண்டு தரம் முழுசாய் விழவேணுமெண்டால் அறிவித்தல் 15 செக்கன், இருபது சொல்லுக்குள்ள:

"ஞாயிறு காலை எட்டு மணி, முற்றவெளி. இன்ரநெற் இல்லாமல் தமிழ்நாட்டோட கதைக்கினம். பிள்ளையளோட வாங்கோ, இலவசம். ஞாயிறு காலை எட்டு, முற்றவெளி."

நாளும் இடமும் தலையிலயும் வாலிலயும் வருது பாருங்கோ. சனம் பாதியிலதான் காது குடுக்கும்.

கேள்வி (வல்வெட்டித்துறை): ஐயா, அன்ரெனா, செற் எண்டால் எங்கட அம்மா அப்பா இன்னும் பயப்பிடினம்.

நியாயமான பயம். போர்க்காலம் அந்த வயது ஆக்களுக்கு மறக்காது. அதால அனுமதியைத்தான் முன்னுக்கு நிப்பாட்டவேணும்: "அரச உரிமம் பெற்ற நிலையம்" எண்ட வரி போஸ்ரரின்ர மேல் பாதியில, உரிமப் பிரதி லமினேற் செய்து வாசலில. பொலிஸுக்கும் பிரதேச செயலகத்துக்கும் கிராம அலுவலருக்கும் கடிதம் குடுத்து, பிரதியில திகதி முத்திரை வாங்குங்கோ. படத்துக்குக் கையில வோக்கிரோக்கியோட நிக்கிற ஆம்பிளை வேண்டாம்; மேசையில இருந்து ஹெட்போனோட எழுதிற பிள்ளை ஒண்டு போதும். ஆமிக்காரர் போடுற மாதிரிப் பச்சைப் புள்ளி உடுப்பு, "இரகசியம்" எண்ட சொல் ரெண்டும் வேண்டாம்.

கேள்வி (பொருளாளர்): அனுசரணைக் கடைக்காரர் தன்ர பெயரை அலையிலயும் சொல்லச் சொல்லுறார்.

ஏலாது. அமெச்சூர் அலையில வியாபார விளம்பரம் கூடாது. பனரில போடுங்கோ, நன்றிப் பலகையில போடுங்கோ.

கேள்வி (சாவகச்சேரி): எந்த நாள் நல்லம்?

ஏப்ரல் 18 உலக அமெச்சூர் வானொலி நாள்; 1925இல அந்த நாள் பரிசில சர்வதேசச் சங்கம் தொடங்கினது. ஆனால் புத்தாண்டு விடுமுறையோட மோதும், பாடசாலைக் கடிதங்கள் மார்ச்சிலயே போயிருக்கவேணும். ஒக்ரோபர் மூண்டாம் வார இறுதியில சாரணர் றேடியோவில ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கிற வானலை ஜம்போரி இருக்கு, பிள்ளையளைத் தேடத் தேவையில்லை. மழைக்குத்தான் மண்டபம் பிடிக்கவேணும்.

கேள்வி (அராலி): முகநூலில போட்டால் போதாதோ?

முகநூலில விரும்பினம் எண்டு போடுற ஆக்கள் வாற ஆக்கள் இல்லை. சனசமூக நிலையப் பத்திரிகை மேசைக்கு மேல ஒரு ஏ4 ஒட்டுங்கோ. பத்திரிகையில காசு குடுத்துப் போடுறதெண்டால் மரண அறிவித்தல் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கேளுங்கோ; அந்தப் பக்கத்தைப் பாராத வீடு இஞ்ச இல்லை.