60 வாட் ஸ்பீக்கருக்கு 100 வாட் ஆம்ப் போட்டால் எரிந்துவிடுமா?

வால்யூமை அளவுமீறி ஏற்றாதவரை எரியாது, தாராளமாகப் போடலாம். ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் 60 வாட் என்பது அது தாங்கும் அளவு. ஆம்ப், அதாவது ஸ்பீக்கருக்கு மின்சக்தி கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர், எந்நேரமும் 100 வாட்டைத் தள்ளிக்கொண்டிருக்காது. உங்கள் 12-க்கு 14 அடி அறையில் சாதாரணமாகக் கேட்டால் ஓரிரு வாட்தான் போகும்.

எனக்குப் பயமே இப்போது நீங்கள் வைத்திருக்கும் 20 வாட் ஆம்பைப் பார்த்துத்தான். உங்கள் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு, 84 டெசிபல் என்கிறீர்கள். அது குறைவு, அதனால் அதிக வாட் கேட்கும். சத்தம் 3 டெசிபல் கூட வாட் இரட்டிப்பாக வேண்டும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. வால்யூமை ஏற்றி வைத்திருக்கும்போது தவில் அடி ஒன்று விழுந்தால் 20 வாட் திணறும், அலையின் உச்சி வெட்டுப்படும், ஒலி கரகரக்கும். என் பழைய ஸ்பீக்கரில் ட்வீட்டர், அதாவது கீச்சொலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர், போனது இப்படித்தான். கழற்றிப் பார்த்தால் மயிரிழைக் கம்பி கருகி, வார்னிஷ் தீய்ந்த வாடை.

அப்புறம், வாட்டைவிட ஓம், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை, முக்கியம். உங்களுடையது 4 ஓம். வாங்கப்போகும் ஆம்பின் பின்பக்கம், ஸ்பீக்கர் வயர் மாட்டும் இடத்தில் 4 ஓம் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 8 மட்டும் இருந்தால் வேண்டாம். சூடேறி நடுப்பாட்டில் அணைந்துவிடலாம். முடிந்தால் உங்கள் ஸ்பீக்கரையே கடைக்கு எடுத்துப்போய் அரைமணி நேரம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.