கமரா பூட்டிய ரிமோட் ரோபோ கிட் வாங்குவது காசு வீணா?

பிள்ளைக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வாங்குங்கள். "கிட் பூட்டுறது ஒரு கெட்டித்தனமா? எல்லாம் செய்துதானே தாறாங்கள்" என்று எங்கள் சொந்தக்காரர் ஒருவர் என் மகனின் முகத்துக்கு நேரே சொன்னார். அவன் எட்டாம் ஆண்டு. அந்த வார்த்தை இன்னும் எனக்கு ஆறவில்லை.

எங்களுடையது ஈஎஸ்பி32-கேம் போர்ட் (கமராவும் வைஃபையும் உள்ள சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை), மோட்டர்களுக்குக் கரண்ட் கொடுத்து ஓட்டும் எல்298என் மோட்டர் டிரைவர், நாலு மஞ்சள் கியர் மோட்டர், இரண்டு 18650 சார்ஜ் பற்றரி. போனை அதன் வைஃபையில் இணைத்து பிரவுசரில் 192.168.4.1 என்று அடித்ததும் படம் வந்தது. முன்னுக்குப் போக பட்டனைத் தொட்டான். சில்லு ஒருமுறை துடித்தது, படமும் வைஃபையும் சேர்ந்து போயின.

கடையில் "போர்ட் பழுது, புதுசு வாங்குங்கோ" என்றார்கள். மகன் நம்பவில்லை. 5 வோல்ட் பின்னில் மல்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டு மோட்டரை ஓட விட்டான். மோட்டர்கள் கிளம்பும்போது வோல்டேஜ் விழுகிறது, போர்ட் தானாக ரீசெட் ஆகிறது. 2022 கரண்ட் வெட்டுக் காலத்தில் வாங்கிய பவர் பேங்கைக் கமராவுக்குத் தனியாகக் கொடுத்தோம். படம் அறாமல் வந்தது, ஆனால் சில்லு அசையவில்லை. இரண்டு பக்கத்துக் கிரவுண்ட் (மைனஸ்) வயரையும் சேர்த்த பிறகுதான் ஓடியது. இதையெல்லாம் பெட்டிக்குள் யாரும் செய்து வைத்திருக்கவில்லை.

ஓட்டுவதும் லேசில்லை. படம் பிந்தி வரும், அதற்குள் கதவில் போய் மோதிவிடும். 1970இல் நிலாவில் சோவியத்காரர் லூனோகோட் 1 என்ற ரோபோ வண்டியைப் பூமியிலிருந்து படம் பார்த்தே ஓட்டினார்கள், சிக்னல் போய்வரவே இரண்டரை விநாடி என்று சொன்னேன். அன்றிலிருந்து கொஞ்சம் தட்டி, நிறுத்திப் பார்த்து ஓட்டுகிறான். அம்மம்மா அடுப்படியில் என்ன செய்கிறா என்று ஹோலில் இருந்தே பார்ப்பான்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் கொரிடோரில் ஓட்டக்கூடாது என்றார்கள். கமரா என்பதால் அயலவர் யோசிப்பது நியாயம், அதை ஏற்கிறேன். ஆனால் பந்துக்கும் தடை, சைக்கிளுக்கும் தடை. மாதாமாதம் பராமரிப்புக் காசு கட்டுகிறோம். கீழே முழுக்கக் கார். பிள்ளைகள் எங்கே போவது?

வாங்கும்போது புரோகிராம் ஏற்றும் யூஎஸ்பி அடாப்டரும் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்களுடையதில் ஏற்றும்போது போர்டின் ஐஓ0 பின்னைக் கிரவுண்டோடு இணைத்து, முடிந்ததும் கழற்றி, ரீசெட் அழுத்த வேண்டும். அது தெரியாமல் எங்களுக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.