‘ஐ ஆம் நோயிங்’ ஏன் தப்பு? நோ, லேர்ன், ஸ்டடி கேள்விகள்

கேள்வி: அக்கா, ‘ஐ ஆம் லேர்னிங்’ சரி, ‘ஐ ஆம் நோயிங்’ மட்டும் ஏன் தப்பு?

பதில்: ‘நோ’ என்பது நிலை. தமிழிலும் ‘எனக்கு நீச்சல் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லை, ‘தெரியும்’ என்று முடித்துவிடுகிறோம். ‘லேர்ன்’ கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிற வேலை, அதனால் ‘இங்’ ஒட்டும்.

கேள்வி: அப்போ ‘பத்து வருஷமா அவரைத் தெரியும்’ எப்படிச் சொல்ல? நான் ‘ஐ நோ ஹிம் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்றுதான் எழுதுகிறேன்.

பதில்: அதில் இரண்டு தப்பு. நமக்கு ‘தெரியும்’ என்ற ஒரே சொல் இன்றைக்கும் போதும், பத்து வருஷத்துக்கும் போதும், அதை அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் வைப்பதால் வருகிற வினை இது. அன்றைக்குத் தொடங்கி இன்றுவரை நீள்கிற நிலைக்கு ‘ஹேவ் நோன்’ வேண்டும்: ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்’. தொடங்கிய வருஷத்தைச் சொன்னால் ‘சின்ஸ் 2015’, எவ்வளவு காலம் என்று சொன்னால் ‘ஃபார்’. சரி, கடந்தகாலம்தானே என்று ‘ஐ நியூ ஹிம்’ போட்டுவிடாதீர்கள், பழக்கம் விட்டுப்போனது என்றோ ஆளே போய்ச் சேர்ந்துவிட்டார் என்றோ படிப்பவர் நினைக்கக்கூடும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு இது தேவையா?

கேள்வி: ஆபீஸ் மெயிலில் ‘ஐ கேம் டு நோ தட் த மீட்டிங் இஸ் போஸ்ட்போன்ட்’ என்று எழுதினேன். டீம் லீட் மாற்றச் சொல்கிறார்.

பதில்: இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் ‘கேம் டு நோ’ என்றால் ஒரு ஆளோ விஷயமோ நாள்பட மெல்லப் பிடிபட்ட மாதிரி ஒலிக்கும், மீட்டிங் தள்ளிப்போனதற்கு அது கொஞ்சம் ஓவர். நீங்களே விசாரித்தோ பார்த்தோ தெரிந்துகொண்டால் ‘ஃபவுண்ட் அவுட்’, யாரோ சொல்லிக் காதில் விழுந்தால் ‘ஹெர்ட்’. ‘நேற்றுதான் தெரிந்தது’ என்பதற்கும் ‘ஐ நியூ ஒன்லி யெஸ்டர்டே’ வேண்டாம், ‘ஐ ஒன்லி ஃபவுண்ட் அவுட் யெஸ்டர்டே’.

கேள்வி: படிப்பதற்கு ஸ்டடியா, லேர்னா, ரீடா? குழப்பமாக இருக்கிறது.

பதில்: ‘படி’ என்ற ஒரு சொல்லில் நாம் மூன்றையும் அடக்கிவிடுவதுதான் காரணம். ‘ஸ்டடி’ புத்தகத்தோடு உட்காருகிற முயற்சி, ‘லேர்ன்’ மண்டையில் ஏறியது. அதனால் ‘ஐ ஸ்டடீட் ஹிந்தி ஃபார் த்ரீ இயர்ஸ் பட் லேர்ன்ட் நத்திங்’ முழுக்கச் சரியான வாக்கியம், நம்மில் பல பேருடைய சுயசரிதையும்கூட. சைக்கிள், சமையல், டிரைவிங் எல்லாம் ‘லேர்ன்’. ‘மை சன் இஸ் ரீடிங் இன் டென்த்’ நம் ஊரில் மட்டும் செல்லும், வெளியே ‘ஹீ இஸ் இன் டென்த் கிரேட்’ போதும். பிரிட்டனில் ‘ஷீ ரெட் ஹிஸ்டரி அட் ஆக்ஸ்ஃபோர்டு’ என்பார்கள், ஆனால் அது பல்கலைக்கழகப் படிப்புக்கு மட்டும்.

கேள்வி: ‘ஐ பைஹார்ட்டட் த போயம்’?

பதில்: ‘லேர்ன்ட் இட் பை ஹார்ட்’. இல்லை, ‘மெமரைஸ்ட்’.

கேள்வி: ‘ஐ நோ டு ஸ்விம்’ சரியா?

பதில்: நடுவே ‘ஹவ்’ விட்டுப்போனது, ‘ஐ நோ ஹவ் டு ஸ்விம்’. பேச்சில் அதுகூட வேண்டாம், ‘ஐ கேன் ஸ்விம்’ என்றால் முடிந்தது.