டிவிக்குள் ஓடும் லினக்ஸ்: சோர்ஸ் கோடைக் கேட்டு வாங்குவது எப்படி?

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை டிவி ரிப்பேர் பார்க்கிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், படிக்கிற பிள்ளைகள் கேட்ட கேள்விகள் இவை. டிவிக்கு ஃபர்ம்வேர், அதாவது டிவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள், எழுதும் வேலையில் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். சோர்ஸ் கோட் என்பது புரோகிராமர் எழுதிய மூல வரிகள். அதை வைத்துத்தான் மென்பொருளைத் திருத்தி மறுபடி உருவாக்க முடியும். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் உரிமப் பத்திரங்களையும் தீர்ப்புகளையும் படித்துத் தெரிந்துகொண்டது. கோர்ட்டுக்குப் போவதாக இருந்தால் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

கேள்வி: அண்ணா, எங்க வீட்டு ஸ்மார்ட் டிவியில லினக்ஸ் ஓடுதுன்னு ஃப்ரெண்டு சொல்றா. எப்படிக் கண்டுபிடிக்கிறது? (கல்லூரி மாணவி, ராமநாதபுரம்)

கடையில் விற்கிற ஸ்மார்ட் டிவி ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஓடுகிறதும்மா. சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ், கூகுளின் ஆண்ட்ராய்டு டிவி என்று பெயர்கள்தான் வேறு. அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல், அதாவது சிப்பையும் மற்ற மென்பொருளையும் இணைக்கும் மையப் பகுதி. செட்டிங்ஸில் 'டிவி பற்றி' பக்கத்தில் கடைசி வரை இறங்கினால் 'சட்டத் தகவல்' அல்லது 'ஓப்பன் சோர்ஸ் உரிமங்கள்' என்று ஒன்று இருக்கும். அதற்குள் ஜிபிஎல், எல்ஜிபிஎல் என்ற இரண்டு உரிமங்களின் பெயர்களைத் தேடு.

போர்டு வேலை தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்ல வழி இருக்கிறது. மெயின் போர்டில் டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (வாங்குவது), கிரவுண்ட் என்று மூன்று புள்ளிகள் இருக்கும். சில போர்டுகளில் விஜிஏ சாக்கெட் வழியாகவே அந்த லைன் வெளியே வரும். 3.3 வோல்ட் யூஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டரை அதில் மாட்டி, வேகத்தைப் பெரும்பாலும் 115200 என்று வைத்து டிவியை ஆன் செய்தால் லேப்டாப் திரையில் வரி வரியாக ஓடும். முதலில் பூட்லோடர் (டிவியை எழுப்பிவிடும் சிறு புரோகிராம்), பிறகு 'ஸ்டார்ட்டிங் கெர்னல்', அதற்கடுத்து 'லினக்ஸ் வெர்ஷன்' என்று ஒரு எண். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும். பவர் போர்டுப் பக்கம் மட்டும் கை போகக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட் நிற்கலாம்.

கேள்வி: அண்ணே, நாங்க போர்டு மாத்துறோம், டம்ப் ஏத்துறோம், அவ்வளவுதான். சோர்ஸ் கோட வச்சு எங்களுக்கு என்ன ஆகப்போகுது? (டிவி மெக்கானிக், தங்கச்சிமடம்)

உங்களுக்குத்தான் தம்பி முதலில் ஆகும். (டம்ப் என்பது டிவியின் ஃபிளாஷ் மெமரி சிப்பில் இருப்பதை அப்படியே எடுத்த நகல்.) நம்ம கரையில் உப்புக் காற்று ஹெச்டிஎம்ஐ சாக்கெட்டைப் பச்சை பிடிக்க வைக்கும், பவர் போர்டு டிராக்கை அரிக்கும். அதையெல்லாம் நீங்கள் அயர்ன் வைத்துச் சரி செய்துவிடுகிறீர்கள். ஆனால் பேனல் நன்றாக இருந்து, பேக்லைட் நன்றாக இருந்து, கம்பெனி சாஃப்ட்வேரைக் கைவிட்டதால் வைஃபை பிடிக்காமல் வருகிற டிவிக்கு உங்களிடம் என்ன மருந்து இருக்கிறது? வாடிக்கையாளரிடம் 'புதுசு வாங்கிக்கங்க' என்கிறீர்கள். நல்ல டிவி காயலான் கடைக்குப் போகிறது. எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது.

லினக்ஸ் கெர்னலுக்கு உரிமம் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு, 1991-இல் வந்தது. அதன் பேரம் சுலபமானது: இலவசமாக எடுத்துக்கொள், மாற்று, விற்று லாபமும் பார், ஆனால் வாங்குகிறவருக்குச் சோர்ஸ் கோடைக் கொடு. டிவி கம்பெனிகள் பேரத்தின் முதல் பாதியை முழுதாக அனுபவித்துவிட்டன. இரண்டாம் பாதிதான் நமக்கு வர வேண்டியது.

வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ரவுட்டர்களே சாட்சி. 2003-இல் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரில் லினக்ஸ் இருப்பதை ஆட்கள் கண்டுபிடித்துக் கேட்டார்கள், கம்பெனி சோர்ஸை வெளியிட்டது. அதிலிருந்து முளைத்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள். கம்பெனி கைவிட்ட எத்தனையோ ரவுட்டர்கள் அதனால் இன்றும் ஓடுகின்றன. டிவிக்கும் அது நடக்க வேண்டுமென்றால் சோர்ஸ் முதலில் கைக்கு வர வேண்டும்.

கேள்வி: தம்பி, கேட்டா காசு கேப்பாங்களா? (இல்லத்தரசி, ராமேஸ்வரம்)

பெரும்பாலும் வெப்சைட்டில் சும்மாவே கிடைக்கும் அக்கா. சிடியிலோ பென்டிரைவிலோ அனுப்பினால் அனுப்பும் செலவை மட்டும் வாங்கலாம். கோடுக்கென்று விலை சொல்ல உரிமத்தில் இடமில்லை.

கேள்வி: தம்பி, டெல்லியிலேருந்து பேனலும் போர்டும் எடுத்து, கேபினெட் மாட்டி, நம்ம கடைப் பேர்லயே 32 இஞ்ச் டிவி விக்கிறோம். சாஃப்ட்வேர் போர்டோடயே வருது, நாம தொடுறதே இல்ல. நமக்கும் பொறுப்பு இருக்கா? (கடைக்காரர், கீழக்கரை)

இருக்கு காக்கா. தொட்டீர்களா இல்லையா என்பது கணக்கே இல்லை. லினக்ஸின் ஒரு நகலை விற்கிறீர்கள், அதனால் நீங்களும் விநியோகிப்பவர்தான்.

ஜிபிஎல் 2-இன் மூன்றாவது பிரிவு மூன்று வழிகளைச் சொல்கிறது. சோர்ஸை டிவியோடு சேர்த்தே கொடுப்பது ஒன்று. கேட்கிற யாருக்கும் தருகிறோம் என்று குறைந்தது 3 ஆண்டு செல்லுபடியாகும் உறுதியை எழுத்தில் கொடுப்பது இன்னொன்று. நமக்கு வந்த உறுதிச் சீட்டையே கைமாற்றி விடுவது மூன்றாவது. ஆனால் அது வியாபாரமில்லாத விநியோகத்துக்கு மட்டும். அதனால் 'சைனாக்காரனைக் கேளு' என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு வழி இல்லை.

செய்ய வேண்டியது பெரிய வேலையும் இல்லை. போர்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சப்ளையரிடம் கெர்னல், பூட்லோடர், பிஸிபாக்ஸ் (லினக்ஸின் அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு) மூன்றின் சோர்ஸையும், அந்த போர்டில் ஏற்றிய அதே வெர்ஷனில் கேளுங்கள். பணம் போன பிறகு கேட்டால் பதில் வராது. வந்ததை ஒரு ஹார்ட் டிஸ்கில் மாடல் வாரியாகப் போட்டு வையுங்கள். வாரண்டி கார்டோடு 'இந்த டிவியில் உள்ள ஜிபிஎல் மென்பொருளின் சோர்ஸ் கோட் வேண்டுவோர் இந்த முகவரிக்கு எழுதவும்' என்று ஒரு சீட்டும், உரிமத்தின் நகலும் வையுங்கள். ஒவ்வொரு டிவிக்கும் ஒரு உறுதி என்பதால், கடைசி டிவி விற்ற நாளிலிருந்து 3 ஆண்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

இதைச் செய்யாமல் விற்றால் நான்காவது பிரிவின்படி விற்கும் உரிமையே போய்விடும். வாங்கியவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அவர்கள் உரிமை அப்படியே இருக்கும். மாட்டிக்கொள்வது விற்றவர்தான்.

கேள்வி: துபாய்ல வாங்கிக் கொண்டாந்த டிவி. இங்கேருந்து கேக்கலாமா? (பெரியபட்டினம்)

தாராளமாக. எழுத்தில் கொடுக்கும் உறுதி 'எந்த மூன்றாம் நபருக்கும்' என்றுதான் உரிமத்தில் இருக்கிறது. எந்த ஊரில் வாங்கியது, பில் யார் பேரில் என்பதெல்லாம் தடையில்லை. பழைய டிவியாக வாங்கியவரும் கேட்கலாம்.

கேள்வி: டெலிகிராம் குரூப்ல டம்ப் ஃபைல் ஷேர் பண்றோமே, லினக்ஸ் ஓப்பன் சோர்ஸ்தானே, தப்பில்லையே? (மெக்கானிக், பாம்பன்)

டம்ப் முழுவதும் லினக்ஸ் இல்லை தம்பி. அதில் கம்பெனியின் மெனு, ட்யூனர் மென்பொருள், ஓடிடி ஆப் என்று மூடிய சரக்கும் கிடக்கிறது. ஒரே சிப்பில் பக்கத்தில் கிடப்பதால் அவற்றுக்கு ஜிபிஎல் ஒட்டிக்கொள்ளாது. அவற்றைப் பரப்ப உங்களுக்கு அனுமதி இல்லை. அதோடு, பல டிவிகளில் நெட்வொர்க்கில் டிவியை அடையாளம் காட்டும் மேக் முகவரியும், படத்தை நகலெடுக்க விடாமல் தடுக்கும் ஹெச்டிசிபி போன்ற காப்புச் சாவிகளும் ஃபிளாஷிலேயே இருக்கும். அடுத்தவன் டிவி டம்ப்பை ஏற்றிய பிறகு ஓடிடி ஆப் படம் காட்டாமல் நின்றால் காரணம் அநேகமாக இதுதான். ஏற்றுவதற்கு முன் அந்த டிவியின் சொந்த டம்ப்பைப் படித்துப் பத்திரப்படுத்துங்கள்.

சீரியல் லாக், அதாவது முதலில் சொன்னபடி லேப்டாப் திரையில் ஓடும் வரிகளைப் பார்ப்பது வேறு. ஒரு புரோகிராம் எப்படி இயங்குகிறது என்று கவனித்துப் படிப்பதை இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52-இல் அனுமதிக்கிறது.

கேள்வி: கம்பெனிக்கு மெயில் போட்டேன். ஒரு ஜிப் ஃபைல் வந்துருக்கு. சோர்ஸ் முழுசா இருக்கான்னு எப்படிப் பாக்குறது? (மாணவர், மண்டபம்)

கேட்டு வாங்கியதற்கே முதலில் என் பாராட்டு. இனிமேல்தான் முக்கியமான வேலை.

லாக்கில் குறித்த வெர்ஷன் எண் நினைவிருக்கிறதா? கெர்னல் ஃபோல்டரில் உள்ள மேக்ஃபைலின் முதல் சில வரிகளில் அதே எண் இருக்க வேண்டும். டிவியில் ஓடுவது 4.9, அனுப்பியது 3.10 என்றால் அது உங்கள் டிவியின் சோர்ஸ் அல்ல. எண் ஒத்துப்போனாலும் கெர்னல்.ஆர்க் தளத்தில் கிடைக்கும் அசல் கெர்னலோடு டிஃப் போட்டு, அதாவது வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வரிகூட வேறுபடவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். சிப் கம்பெனி மாற்றம் செய்யாத கெர்னல் டிவியில் ஓடுவது அரிது.

அடுத்தது கான்ஃபிக் ஃபைல், பில்ட் ஸ்கிரிப்ட். முழுமையான சோர்ஸ் என்றால் கம்பைல் செய்வதையும் (டிவியில் ஓடும் வடிவத்துக்கு மாற்றுவதையும்) இன்ஸ்டால் செய்வதையும் நடத்தும் ஸ்கிரிப்ட்களும் சேர்ந்தது என்று உரிமமே சொல்கிறது. பெரும்பாலான கம்பெனிகள் வழுக்குவது இந்த இடத்தில்தான். ஆயிரக்கணக்கான ஃபைல்களை அனுப்பிவிட்டு, எந்தக் கம்பைலர், எந்தக் கட்டளை என்று சொல்லாமல் விடுவார்கள். உட்கார்ந்து கம்பைல் செய்து பாருங்கள். எந்த ஃபைல் இல்லை என்று எர்ரர் வந்து நிற்கிறதோ, அந்த எர்ரரை அப்படியே ஒட்டி மறுபடி எழுதுங்கள். 'முழுசா இல்லை' என்று பொதுவாக எழுதினால் கஸ்டமர் கேரோடு நின்றுவிடும். எர்ரர் வரியோடு எழுதினால் எஞ்சினியர் கைக்குப் போகும்.

கேள்வி: அண்ணே, ஊர் தேவிபட்டினம், சென்னையில ஃபர்ம்வேர் வேலை. ரிலீஸ் அன்னைக்குத்தான் சோர்ஸ் பேக்கேஜ் ஞாபகமே வருது. என்ன செய்யலாம்? (எஞ்சினியர்)

ஃபர்ம்வேரைக் கட்ட நீங்கள் பயன்படுத்தும் கருவி பில்ட்ரூட் என்றால் 'மேக் லீகல்-இன்ஃபோ' ஒரு கட்டளை போதும், உரிமப் பட்டியலும் சோர்ஸும் சேர்ந்து விழும். யாக்டோ என்ற கருவி என்றால் அதில் ஆர்க்கைவர் இருக்கிறது. ஒவ்வொரு பில்டிலும் தானாக ஓடும்படி வைத்துவிடுங்கள். பிறகு பேக்கேஜைப் புதிய கம்ப்யூட்டரில் விரித்து, வேறு ஒருவரை விட்டுக் கம்பைல் செய்யச் சொல்லுங்கள். நிர்வாகத்துக்குத் தரச் சான்று வேண்டுமென்றால், ஓப்பன் சோர்ஸ் உரிமங்களை ஒழுங்காகக் கையாள்வதற்கான ஓப்பன்செயின் தரநிலை இருக்கிறது, ஐஎஸ்ஓ 5230.

கேள்வி: இதுக்கெல்லாம் கோர்ட்ல தீர்ப்பு வந்துருக்கா? சும்மா பேச்சுக்குத்தானா? (ஏர்வாடி)

வந்திருக்கிறது. 2009 டிசம்பரில் பிஸிபாக்ஸ் தரப்பு நியூயார்க்கில் 14 நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டது. அதில் டிவி கம்பெனியான வெஸ்டிங்ஹவுஸ் டிஜிட்டல் வழக்கில் பங்கேற்காமல் ஒதுங்கியது. 2010-இல் நீதிமன்றம் விற்பனைக்குத் தடை விதித்து, 90,000 டாலர் நஷ்டஈடு போட்டு, கையிருப்பில் இருந்த டிவிகளையும் ஒப்படைக்கச் சொன்னது.

அது மென்பொருளை எழுதியவர்கள் போட்ட வழக்கு. டிவியை வாங்கியவர் கேட்க முடியுமா என்பதுதான் அமெரிக்க டிவி கம்பெனியான விசியோ மீதான வழக்கு. சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி அமைப்பு விசியோ டிவிகளை வாங்கி, நுகர்வோர் என்ற நிலையில் 2021 அக்டோபரில் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. அதை விசாரணைக்கு முன்பே தள்ளுபடி செய்யக் கேட்ட விசியோவின் மனுவை 2023 டிசம்பரில் நீதிபதி ஏற்கவில்லை.

கேள்வி: சோர்ஸ் வந்தா நம்ம டிவியில ஏத்திட முடியுமா? (மூக்கையூர்)

எல்லா டிவியிலும் முடியாது. கம்பெனியின் சாவியால் டிஜிட்டல் கையெழுத்து போடாத ஃபர்ம்வேரைப் பல டிவிகள் ஏற்காது. 2007-இல் வந்த ஜிபிஎல் 3, வீட்டுப் பொருளாக இருந்தால் ஏற்றுவதற்கான தகவலையும் கொடு என்கிறது. லினக்ஸ் கெர்னல் இரண்டாம் பதிப்பிலேயே நிற்கிறது. அதில் 'இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்' என்ற சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதில் வழக்கறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. என் கருத்து: காசு கொடுத்து வாங்கிய டிவியில் சொந்தக்காரர் சாஃப்ட்வேர் ஏற்ற வழி இருக்க வேண்டும். பூட்டு திறக்கும்வரை காத்திருக்காமல் சோர்ஸை இப்போதே வாங்கி வையுங்கள், 3 ஆண்டு கழித்துக் கேட்டால் தராமல் போகலாம்.

கேள்வி: மெயில்ல என்ன எழுதணும்? (பலரும்)

மாடல் எண், ஃபர்ம்வேர் வெர்ஷன், வாங்கிய மாதம் மூன்றும் முதல் வரியில். பிறகு இப்படி: 'இந்த டிவியில் லினக்ஸ் கெர்னலும் பிஸிபாக்ஸும் இருப்பதாக உங்கள் சட்டத் தகவல் பக்கம் காட்டுகிறது. மேற்கண்ட வெர்ஷனுக்குரிய முழுமையான சோர்ஸ் கோடை, கம்பைல் மற்றும் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்களுடன், ஜிபிஎல் 2 பிரிவு 3-இன்படி அனுப்புங்கள்.' அந்தப் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து இணையுங்கள். ஓப்பன் சோர்ஸுக்கென்று தனி முகவரி மெனுவிலேயே கொடுத்திருந்தால் அதற்கு அனுப்புங்கள், கஸ்டமர் கேருக்கு ஒரு நகல். ஒரு மாதம் பார்த்துவிட்டு அதே மெயிலுக்கு மேல் நினைவூட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஸ்பீட் போஸ்டில் போடுங்கள், ரசீதைக் கிழித்துவிடாதீர்கள்.